ஏறி வர ஒரு பக்கம்

கண்ணுங்களா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள். சாக வேண்டியவன் கதை தொடங்குவதற்கு முன்பே செத்துப்போனான். அதனால் பயமில்லாமல் கேளுங்கள்.

செத்தவன் பேர் ஜெபஸ்டின். ஏழாம் வகுப்பு. திருத்தணிக்கு வடக்கே, ஆந்திர எல்லை தொடுகிற பக்கம், ஆற்றை ஒட்டிக் கல்மேட்டுக் காலனி. ஆறு என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல்தான். அந்த மணலையும் லாரிகள் வந்து அள்ளிப் போனதில், ஆற்றின் நடுவில் ஒரு வீடு இறங்குகிற ஆழத்துக்குக் குழி. மழை பெய்தால் நிறைந்துவிடும். பார்க்கக் குளம் மாதிரி அழகாக இருக்கும். ஆனால் சுற்றிலும் சுவர் மாதிரி செங்குத்து. கையை வைத்தால் மணல் சரிந்து கையோடு வரும். இறங்கலாம், ஏற முடியாது.

ஜெபஸ்டினுக்கு நீச்சல் தெரியும். அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வற்றியபோது பார்த்தார்கள், குழியைச் சுற்றி வளைய வளைய விரல் தடம் இருந்தது. எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்திருக்கிறான். எந்தப் பக்கமும் பிடிக்க இடம் கிடைக்கவில்லை.

அவன் அம்மா பிரேமகுமாரி. திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் இட்லி வேகவைக்கும் வேலை. முதல் பஸ்ஸில் போய், மலைக்குப் போகிறவர்களின் காலைக் கூட்டம் கலைந்த பிறகு வருவாள். புருஷன் சற்குணம் அரக்கோணத்தில் ரயில்வே காண்டிராக்ட் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வருவார், சாப்பிடுவார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அது அவர் அழுகிற விதம்.

பிரேமகுமாரி எந்த விதத்திலும் அழவில்லை. அடக்கம் முடிந்த வாரமே வேலைக்குப் போனாள். இட்லித் தட்டிலிருந்து ஈரத் துணியை உரிக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும். முன்பெல்லாம் முகத்தைத் திருப்புவாள். இப்போது திருப்புவதில்லை. "இன்னாம்மா, சுடலியா?" என்று மெஸ்காரர் கேட்டார். "தெரியலீங்க" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை.

மெஸ்ஸுக்குத் திங்கட்கிழமை லீவு. மாவட்ட ஆபீசில் மனு வாங்குவதும் திங்கட்கிழமைதான். ரயிலேறிப் போவாள். வரிசையில் உட்கார்ந்து மனு கொடுப்பாள். மனுவில் ஒரே வரி: எங்கள் ஆற்றில் உள்ள குழியை மூடித் தர வேண்டும். நிவாரணம் கேட்கவில்லை, யாரையும் பிடித்து உள்ளே போடச் சொல்லவில்லை. ரசீது கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு வருவாள். அடுத்த மாதமும் போவாள். மூன்று வருஷம் அப்படிப் போனது.

மூன்றாம் வருஷம் தை பிறந்தபோது ஜீப் வந்தது. அனுசுயா என்று ஒரு பெண் இன்ஜினியர் இறங்கினார். கோயில் வாசலில், நான் சொல்வது நம் சபைக் கோயில், வேப்பமர நிழலில் நாற்காலி போட்டோம். ஆற்றைச் சீரமைக்கத் திட்டம் வந்திருக்கிறது என்றார். மேலே டெல்லியில் பாதி, இங்கே பாதி பணம்.

"உங்க மனு எல்லாம் சேர்த்துதான் மேல அனுப்பினோம்மா. இந்த ஆத்துக்குன்னு யாருமே கேக்கல. நீங்க ஒருத்தர்தான் விடாம கேட்டுகிட்டே இருந்தீங்க."

"குழிங்க?" என்றாள் பிரேமகுமாரி.

"எஸ்டிமேட்ல இருக்கு. கரை, தடுப்பணை, குழி மூடறது, எல்லாமே இருக்கு. ஆனா ஒண்ணு. மார்ச் முடியறதுக்குள்ள வேலைய ஆரம்பிக்கணும். இல்லன்னா பணம் வந்த வழியே போயிடும். அடுத்த வாரம் மேல இருந்து பார்க்க வர்றாங்க."

பேசிக்கொண்டே அவர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தார். அது ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. மிஷன் காலத்தில் நம் ஆட்களுக்கு வேறு எங்கே இடம் கொடுத்தார்கள்? நெல் விளையாத, வெள்ளம் வந்தால் நனைகிற இடம். எல்லாம் மண் மேடுகள், மரச்சிலுவைகள். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மண் அணைத்து, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். அடுத்த மழையில் கரைந்துவிடும்.

"இது எவ்வளவு காலமா இருக்கு?" என்று கேட்டார் அனுசுயா.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா இங்கதாங்க கீறாரு" என்றார் சற்குணத்தின் அண்ணன் இஸ்ரேல்.

அனுசுயா தலையசைத்தார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. ஜீப் ஏறிப் போய்விட்டார்.

இஸ்ரேல் நம் சபை மூப்பர், தொழில் கொத்தனார். அன்று மாலையே ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்றார்.

"கெவுருமெண்டு வர்றச்சொல்ல நம்ம பெரியவங்க அநாதைப் பொணம் மாதிரி மண்ணுக்குள்ள கெடக்கலாமா? இன்னா நெனப்பாங்க நம்மள? ஆளுக்குக் கொஞ்சம் சிமெண்ட்டு கொண்டாங்க. பூசறது என் பொறுப்பு."

"உசுரோட கீறவனுக்கு ஊட்டுச் சுவரே பூசல, செத்தவனுக்குச் சிமெண்ட்டா?" என்றாள் ஹெப்சி அக்கா பின்வரிசையிலிருந்து.

"உன் ஊட்டப் பார்க்க ஆபீசர் வரட்டும், அதுக்கும் பூசறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க வேலை நடந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. விருந்தாள் வருகிறார் என்றால் கிழிந்த பாயை ஒளித்துவைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு நாற்காலியைக் கடன் வாங்குவோம். இல்லாததை இருப்பதாகக் காட்டியே பழகிவிட்டோம். இந்த முறை செத்தவர்களுக்கும் அதையே செய்தோம். மண் மேடுகளின் மேல் செங்கல், செங்கல் மேல் பூச்சு, பூச்சு மேல் கெட்டியாக இரண்டு கை சுண்ணாம்பு. தலைமாட்டில் மரச்சிலுவைக்குப் பதில் சிமெண்ட் சிலுவை. ஆற்றுப் பக்கம் ஒரு குட்டைச் சுவரும் எழுப்பினார் இஸ்ரேல்.

ஜெபஸ்டின் மேட்டுக்குப் பூசும்போது பிரேமகுமாரி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கரணை இஸ்ரேல் கையில் இருந்தது. அவள் வெறும் உள்ளங்கையால் சிமெண்டைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் கையை அப்படியே வைத்துவிட்டாள். எடுத்தபோது அச்சு விழுந்திருந்தது.

"பூசி உடட்டுமா?" என்றார் இஸ்ரேல்.

"உங்க இஷ்டம் பாவா."

அதற்குள் யாரோ தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். கை அச்சு அப்படியே நின்று இறுகிவிட்டது. மேலே சுண்ணாம்பு மட்டும் அடித்தார்கள்.

அதிகாரிகள் வந்த அன்று வெயில் நன்றாக அடித்தது. கல்லறைத் தோட்டம் தூரத்திலிருந்தே கண்ணைப் பறித்தது. நாங்கள் எல்லாம் வெளுத்த துணி உடுத்தி நின்றோம். இஸ்ரேல் வெள்ளைச் சட்டை. ஜீப்பிலிருந்து இறங்கிய அனுசுயா இரண்டு அடி வைத்து நின்றுவிட்டார். கூட வந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு கல்லறையாக, சுவரையும் சேர்த்து. இஸ்ரேல் நகர்ந்து நின்று வழிவிட்டார். படம் எடுக்கிறார்களே என்று அவருக்குச் சந்தோஷம்.

மற்றவர்கள் போன பிறகு அனுசுயா திரும்பி வந்தார்.

"யாரு கட்டச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க மேடம். நாங்களா செஞ்சோம். மரியாதைக்கு."

அனுசுயா சுவரின் மேல் உட்கார்ந்தார். "ஐயா, மண் மேடா இருந்திருந்தா பழைய இடம்னு எழுதி, கரைய இதச் சுத்தி வளைச்சு விட்டிருப்பேன். வரைபடத்துல அப்படித்தான் போட்டு வெச்சிருந்தேன். இப்ப இது ஆத்துக்குள்ள புதுக் கட்டடம். படம் எடுத்த நிமிஷமே மேல போயிடுச்சு. எந்த எடம், எந்தத் தேதி, எல்லாம் அதுலயே ஏறிடும். ஆக்கிரமிப்ப எடுத்துட்டோம்னு நான் சான்று குடுத்தாதான் பணத்த விடுவாங்க."

"நாங்களே இடிச்சுடறோம். பழையபடி மண்ணாக்கிடறோம்."

"ஒருதரம் ஆக்கிரமிப்புன்னு ஏறிட்டா எடமே காலியாகணும் ஐயா. குவாரிப் பக்கம் மாத்து எடம் குடுக்கறோம்."

இஸ்ரேல் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ தேடினார். ஒன்றுமில்லை. கை மட்டும் உள்ளேயே இருந்தது.

பிரேமகுமாரி கேட்டாள்: "குழிங்க?"

"அது எஸ்டிமேட்ல இருக்கும்மா" என்றார் அனுசுயா.

சபை கூடியது. ஒரு வக்கீல் சொன்னாராம், ஸ்டே வாங்கலாம், ஆனால் இந்தத் திட்டமே பிரேமகுமாரியின் மனுமேல் வந்தது, அவளே ஆட்சேபம் சொன்னால் கோர்ட்டில் உடனே எடுபடும் என்று. இஸ்ரேல் தாளோடு அவள் வீட்டுக்கு வந்தார். அவள் மறுநாளைக்கு இட்லித் துணிகளைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஒரு கையெழுத்து போடு பிரேமா. மத்தத நான் பார்த்துக்கறேன்."

"ஸ்டே வாங்கினா வேல நின்னுடுமா பாவா?"

"நிக்கும்."

"மார்ச் முடிஞ்சா பணம் போய்டுமே."

"போனா போவட்டும். ஆறு இன்னா நம்ம அப்பன் வீட்டு ஆறா?"

"அப்போ குழி மூடமாட்டாங்க."

"குழி, குழி, குழி. வேற பேச்சே கெடையாதா உனக்கு?"

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "போன வாரம் சுப்பண்ணன் ஆடு உழுந்துச்சு பாவா. அத எடுக்க அவரு பேரன் எறங்கப் பார்த்தான். நான்தான் புடிச்சு இழுத்தேன்."

"அதுக்கு?"

"நான் போடலை."

இஸ்ரேல் தாளை மடித்தார். மெதுவாகத்தான் மடித்தார். பிறகு சொன்னார்: "புள்ளையத் தண்ணிக்குக் குடுத்த. இப்ப அவன் கெடக்கற எடத்தையும் குடுக்கற. நல்ல தாய்தான் நீ."

உள்ளே சற்குணம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். பிரேமகுமாரி அடுத்த துணியைப் பிழிந்தாள். இஸ்ரேல் போன பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். சொட்டு நின்ற பிறகும்.

அந்தப் பேச்சுக்கு இஸ்ரேலைத் திட்டாதீர்கள் கண்ணுங்களா. பூசச் சொன்னவர் அவர்தான். அந்தப் பாரத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவள் மேல் இறக்கினார்.

மாசி மாதம் இடம் மாற்றினார்கள். பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணினார். பழைய மேடுகளில் எலும்பு கிடைத்தவர்களுக்கு எலும்பு, கிடைக்காதவர்களுக்குக் கூடை மண். குவாரிப் பக்கம் பாறை. கடப்பாரை போட்டால் மணிபோலச் சத்தம் வரும். அங்கே முழங்கால் ஆழத்தில் வைத்து மூடினோம்.

ஜெபஸ்டின் முறை வந்தது. மண்வெட்டியோடு ஆட்கள் வந்தபோது பிரேமகுமாரி கல்லறை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அவன எடுக்க வேணாங்கய்யா" என்றாள் பாஸ்டரிடம்.

"ஏம்மா?"

"ஒருதரம் தண்ணியில இருந்து எடுத்தாங்க. இன்னொருதரம் எடுக்க வேணாம். மேல கீற சிமெண்ட்ட மட்டும் எடுத்துக்கட்டும். அவன் அடியிலயே இருக்கட்டும்."

"மேல ஆறு போவும்மா."

"போவட்டுங்கய்யா. குழி இருக்காதில்ல."

பாஸ்டர் ஐயா புத்தகத்தைப் பிரித்தார். பிறகு அங்கேயே ஜெபம் பண்ணினார். ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மேட்டுக்குப் போனார்கள்.

பங்குனி வெயிலில் பொக்லைன் வந்தது. ஓட்டியவன் பங்காரு, எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பையன். அரை நாளில் எல்லாம் முடிந்தது. சுவர், மேடை, சிலுவை எல்லாம் உடைந்து வெள்ளை வெள்ளையாகக் குவிந்தது. இரண்டு கரையிலும் எல்லைக் கல் நட்டார்கள். பாதையோரம் பெரிய பலகை வைத்தார்கள். அதில் ஆறு நீலமாக ஓடியது, ஓரத்தில் கொக்கு நின்றது.

பலகை வைத்த அன்று அனுசுயா வந்தார். பிரேமகுமாரியைத் தேடிக்கொண்டு குவியல் பக்கம் வந்தார். வெயிலில் அவர் முகம் கறுத்திருந்தது.

"அம்மா, இத நானே வந்து சொல்லணும்னு வந்தேன். மேல இருந்து முதல் தவணைதான் விட்டிருக்காங்க. எல்லை குறிக்கிறது, ஆக்கிரமிப்பு எடுக்கிறது, கொஞ்சம் கரை. அதோட முதல் கட்டம் முடிஞ்சுது. குழி மூடறத ரெண்டாம் கட்டத்துல வெச்சுட்டாங்க."

"ரெண்டாம் கட்டம் எப்பங்க?"

"பணம் ஒதுக்கினா."

"ஆங்" என்றாள் பிரேமகுமாரி.

"நான் எழுதித்தான் பார்த்தேன்."

"ஆங்."

அனுசுயா இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். கத்தியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிரேமகுமாரி, "வெயில்ல நிக்காதீங்க மேடம்" என்றாள். ஜீப் போய்விட்டது.

அவள் குவியலைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். கூப்பிடு தூரம்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு துண்டு சிமெண்டை இடுப்பில் அணைத்துத் தூக்கி நடந்தாள். குழியின் விளிம்பில் போட்டாள். அது உருண்டு அடியில் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினாள்.

பங்காரு வண்டி நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இன்னா பண்றீங்கக்கா? அத லாரி வந்து எடுத்துகினு போவும்."

"எங்க கொண்டுபோவாங்க?"

"எங்கியோ கொட்டுவாங்க."

"இங்கியே கொட்டலாமே."

"எனக்கு ஆர்டர் லேதக்கா. குழி என் வேலையில வராது."

"உன் வேலையின்னு சொல்லலியே" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் போகிறாள், போடுகிறாள், வருகிறாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கையைக் கழுவினான்.

"இந்த ரேட்டுல அடுத்த ஆடிக்கிருத்திகைக்குக் கூட முடியாது. ஓரமா நில்லுங்க. யாரும் படம் எடுக்காம பார்த்துக்கோங்க. அது போதும்."

வண்டி உறுமியது. வாளியில் வாரி வாரிக் கொண்டுபோய் ஒரு பக்கமாகக் கொட்டினான். குழி பெரியது. நூறு கல்லறை போட்டாலும் நிறையாது. ஒரு பக்கம் மட்டும் செங்குத்து போய்ச் சரிவாகிக்கொண்டு வந்தது.

இஸ்ரேல் எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. அந்தக் கையெழுத்துச் சண்டைக்குப் பிறகு அவர் அவளோடு பேசியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். ஒரு துண்டைக் காலால் மிதித்துப் பார்த்தார். ஆடியது. பங்காருவைக் கை காட்டி நிறுத்தினார்.

"இப்பிடிக் கொட்டினா முதல் தண்ணிக்கே சறுக்கும். பெரிசு அடியில, தட்டையா. சின்னத மேல போட்டு இடுக்க அடைக்கணும்."

சொன்னது பங்காருவுக்கா பிரேமகுமாரிக்கா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் கேட்டார்கள். சாயந்திரம் வரை மூவரும் அடுக்கினார்கள். பிறகு காலனியிலிருந்து சிலர் வந்தார்கள். ஹெப்சி அக்கா தன் மாமியார் கல்லறைச் சிலுவையை அடையாளம் கண்டுபிடித்து, "உசுரோட இருந்தப்ப ஒரு குடம் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல. இப்ப தண்ணிக்குள்ளயே நில்லு" என்று சொல்லிக்கொண்டே தூக்கிக் கொடுத்தாள். இரண்டு பேர் சிரித்தார்கள். பிரேமகுமாரி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

கடைசியில் ஒரு துண்டு இஸ்ரேல் கையில் வந்தது. சுண்ணாம்புக்கு அடியில் ஐந்து விரல், ஓர் உள்ளங்கை. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இத எங்க வெக்க?"

பிரேமகுமாரி குழியின் சுவரைப் பார்த்தாள். எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"அங்க. கைக்கு எட்டற எடத்துல."

அவர் வைத்தார். ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

அவ்வளவுதான் கண்ணுங்களா. குழி மூடவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. பலகையில் நீலம் வெளுத்துவிட்டது, கொக்கு மட்டும் தெரிகிறது. அடுத்த திங்கட்கிழமை பிரேமகுமாரி ரயிலேறினாள். மனுவில் ஒரு சொல் கூடியிருந்தது: இரண்டாம் கட்டம். ரசீது கொடுத்தார்கள்.

ஐப்பசியில் மேலே மலைப் பக்கம் மழை. ஒரு நாள் விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு நடந்தபோது ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தின் மேலேயும் ஓடியது. ஜெபஸ்டின் எந்த இடம் என்று அவள் தேடிப் பார்த்தாள். எல்லாம் ஒரே தண்ணீராக இருந்தது. குழி நிறைந்து, விளிம்பு தெரியாமல் நின்றது. ஒரு பக்கத்தில் மட்டும் தண்ணீருக்கடியில் வெள்ளையாகக் கலங்கலாக ஏதோ தெரிந்தது.

சுப்பன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தார். "பஸ்ஸு வந்துரும்மா" என்றார்.

"ஆங். போறேண்ணா" என்றாள். போகவில்லை.

கூட்டத்திலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு குழிப் பக்கம் ஓடியது. சுப்பன் கம்பை ஓங்கிக்கொண்டு கத்தினார். குட்டி வெள்ளைப் பக்கமாக இறங்கியது. கால் நனைந்தது, வயிறு நனைந்தது. நின்று தண்ணீர் குடித்தது. பிரேமகுமாரி சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

குடித்து முடித்ததும் அது திரும்பியது. ஒரு கல், அடுத்த கல் என்று ஏறி வந்தது. மேலே வந்து உடம்பை உதறியது. ஒரு சொட்டு அவள் புறங்கையில் தெறித்தது.

சில்லென்று இருந்தது.